தண்ணீர் இல்லாத ஊரில் ஒழுகும் வீடு!

திண்டுக்கல்லில் திருச்சி பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து (கிடைத்தால்!), வடமதுரைப் பெருமாளுக்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டு நிமிர்ந்தால் அய்யலூர். மொத்தமே சுமார் இருபத்தைந்து கிலோ மீட்டர்தான்.

வியாழக்கிழமை என்றால் ஊர் வருவதற்கு முன்பே ஊர் வருவது தெரிந்துவிடும். மினி லாரியில் ஆடு, ஷேர் ஆட்டோவில் ஆடு, மொபெட்டில் முன்னால் ஆடு, பின்னால் ஆள். அன்றைக்கு ஆட்டுச் சந்தை. விடிவதற்கு முன்பே பேரம் ஆரம்பமாகிவிடும். தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வாரம் ஊரில் மனிதர்கள் சிறுபான்மை!

ரோட்டோரமாக வண்டி கருப்பணசாமி. புது பைக், புது கார், புது லாரி எதை வாங்கினாலும் இந்தப் பக்கத்துக்காரர்கள் முதலில் இங்கேதான் கொண்டு வந்து நிறுத்துவார்கள். மாலை, தேங்காய், டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். "இனி நீ பாத்துக்கப்பா" என்று சாவியைப் போட்டு ஒரு முறுக்கு.

வண்டிக்கு ஒரு சாமி இருக்கிறார். மொட்டை மாடிக்கு?

கேட்டது நானில்லை. என்னோடு வந்த நண்பர். சென்னையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. இருபது வருஷ வீட்டுக் கடன், மாதா மாதம் சம்பளத்தில் சரிபாதி. அந்தக் கடனில் அப்பா அம்மாவுக்காக அய்யலூருக்கு வெளியே ஒரு வீடு கட்டினார். கடனில் பதினெட்டு வருஷம் பாக்கி இருக்கிறது. தளமோ இரண்டாவது மழைக்கே ஒழுக ஆரம்பித்துவிட்டது.

"சார், ஒரு வருஷமா எனக்கே தெரியாது. போன்ல 'மழை பெஞ்சுச்சாம்மா'ன்னு கேட்பேன். 'நல்லா பெஞ்சுச்சுப்பா'ம்பாங்க. வீட்டுக்குள்ளயும் பெஞ்சதைச் சொல்லவே இல்லை!"

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அய்யலூர் ஒன்றும் சிரபுஞ்சி அல்ல. திண்டுக்கல் மாவட்டத்துக்கு வருஷ மழை எண்ணூறு மில்லி மீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் கடவூர் மலைப் பக்கமிருந்து வெயில்தான் இறங்கி வரும். முள்ளும் புதருமாக வறண்ட காடு. அந்தக் காட்டில்தான் தேவாங்குகள் இருக்கின்றன. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்து 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். ராத்திரி முழுக்க வட்டக் கண்ணை விரித்து முழித்துக்கொண்டிருக்கும் பிராணி. போன ஐப்பசியில் நண்பரின் அப்பாவும் அம்மாவும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்களாம், ஆளுக்கொரு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு!

குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு அலைகிற ஊரில் வீடு ஏன் ஒழுக வேண்டும்?

வீட்டுக்குள் போனோம். ஹால் கூரையில் ஆப்பிரிக்கா கண்டம் மாதிரி ஒரு பழுப்புக் கறை. ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி இன்னொரு சின்னக் கண்டம். கட்டில் மூன்று இடம் மாறி, கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சும்மா நசநசப்பு" என்று அந்த அம்மா காபியை நீட்டினார். மகன் கடன் வாங்கிக் கட்டிய வீட்டைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

அதற்குள் கொத்தனார் வந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல். நண்பருக்கு மாமா முறை. கையில் ஒரு சின்னச் சுத்தியல், சட்டைப் பையில் ரசமட்டம். மாடியேறியதும் செருப்பைக் கழற்றினார். மத்தியான வெயில். அவர் கால் தாங்கியது. நானும் நண்பரும் டான்ஸ் ஆடினோம்.

அவர் கூரையைப் பார்க்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"மாப்ளே, தளம் எந்த மாசம் போட்டது?"

"சித்திரையில மாமா. முகூர்த்த நாள் பாத்து..."

"நாளு நல்ல நாளுதேன். எத்தனை நாளு பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துனீக?"

நண்பர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். "அஞ்சு நாளு. ஆறாம் நாளு போர்ல தண்ணி வத்திருச்சு. லாரித் தண்ணி விலைக்கு வாங்கணும். இவன்கிட்ட எத்தனை தடவைதான் காசு கேக்குறது? மேஸ்திரியும் 'போதும்'னாரு. விட்டுட்டோம்."

"அம்புட்டுத்தேன். சித்திரையில தளத்துக்குக் குடுக்காத தண்ணி ஐப்பசியில உங்க தலையில விழுந்திருக்கு!"

இதைத்தான் நம்மில் பலரும் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறோம். கான்கிரீட் காய்ந்து இறுகுவதாக நினைக்கிறோம். துணிதான் காயும். சிமென்ட் தண்ணீரைக் குடித்துத்தான் இறுகும். தண்ணீரோடு சேர்ந்து அதற்குள் நடக்கிற வேதியியல் வேலை பல நாட்கள் ஓடும். அந்த வேலை நடக்க நடக்கத்தான் உள்ளே இருக்கும் நுண்துளைகள் அடைபடும். பாதியில் காய விட்டால் துளைகள் அப்படியே நின்றுவிடும். வெளியே பார்த்தால் கல்லு மாதிரி இருக்கும். உள்ளே பஞ்சு!

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அதன் 2000-ஆம் வருஷப் பதிப்பு தெளிவாகச் சொல்கிறது. சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காயக் கூடாது. சூடும் வறட்சியுமான ஊர் என்றால் 10 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டாக இருந்து, ஊரும் வறண்ட ஊராக இருந்தால் 14 நாள். நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் பி.பி.சி. மூட்டைதான். அய்யலூர் சித்திரை எப்படிப்பட்ட சித்திரை என்று நம் உள்ளங்காலைக் கேட்டால் போதும். ஆக, பதினாலு நாள் குடிக்க வேண்டிய தளம் ஐந்தே நாளில் பட்டினி!

கொத்தனார் அடுத்த கேள்வியைப் போட்டார். "மூட்டைக்கு எத்தனை தண்ணி ஊத்துனாக?"

யாருக்கும் தெரியவில்லை. யார் எண்ணினார்கள்? மிஷின் சுற்றுகிறது, டேப் ரெக்கார்டர் மாதிரி ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது, ஒருவர் பக்கெட்டில் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கிறார். கலவை பாயசம் மாதிரி ஓடினால் சட்டியில் அள்ளவும் சுலபம், பரப்பவும் சுலபம்.

கணக்குப் பிரிவு நண்பருக்காக ஒரு கணக்கு. 50 கிலோ சிமென்ட் மூட்டை இறுகுவதற்கு மட்டும் வேண்டியது 12 லிட்டர் தண்ணீர் போல. கலவை கைக்கு வசமாக வர வேண்டுமே என்று 22, 23 லிட்டர் வரை ஊற்றலாம். நம் பிளாஸ்டிக் குடத்துக்கு ஒன்றரைக் குடம். ஜல்லி, மணலில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு சொம்பும் வேலையில்லாத தண்ணீர். ஆபீஸில் தேவைக்கு மேல் ஆள் எடுத்த மாதிரி. கொஞ்ச நாளில் ஆவியாகிக் கிளம்பிப் போய்விடும். ஆனால் அது உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருக்குமே... மழைத் தண்ணீர் வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும்.

வேண்டாத நாளில் அள்ளி ஊற்றினோம். வேண்டிய நாளில் நிறுத்திவிட்டோம். தண்ணீர் இல்லாத ஊரில் வீடு ஒழுகுகிற ரகசியம் இவ்வளவுதான்.

"சரி மாமா, மருந்து ஒண்ணு விக்கிறாங்களே, டப்பால. அதை வாங்கி அடிச்சிட்டா?" என்றார் நண்பர். கையிலேயே விளம்பரத் தாள் வைத்திருந்தார். அதில் ஒரு குடும்பம் மொட்டை மாடியில் கொட்டும் மழையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

கொத்தனார் பதில் சொல்லவில்லை. ரசமட்டத்தைத் தளத்தில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"பாத்தியா? தரை மாதிரி மட்டமா போட்டிருக்கு. மாடிக்கு மட்டம் ஆகாதுய்யா. வாட்டம் வேணும்!"

பத்தடி நீளத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலமாவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் குழாயைப் பார்த்து ஓடும். இல்லாவிட்டால் தேங்கும். நாள் கணக்கில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு வேறு வேலை கிடையாது. விரிசல் தேடுவதுதான் வேலை.

விரிசலை உண்டாக்குவது மழை அல்ல, வெயில். முப்பதடி நீளத் தளம் ஒன்று 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லி மீட்டர் நீளும். ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கும். கைப்பிடிச் சுவர் செங்கல், தளம் கான்கிரீட். இரண்டும் ஒரே அளவுக்கு நீளாது, சுருங்காது. தினம் தினம் இந்தக் கணவன் மனைவி சண்டை நடந்தால் இரண்டும் சேருகிற மூலையில் ஒரு நாள் பிரிவினை வந்துதான் தீரும். தலைமுடி அகலப் பிரிவினை போதும். மழை வந்து செய்வதெல்லாம் ஊருக்குக் கோள் சொல்வதுதான்.

இதற்குத்தான் அந்தக் காலத்தில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டார்கள். பொதுப்பணித் துறைக் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு தாளித்த சுண்ணாம்பு. சராசரியாக மூன்று அங்குல கனம், குழாயை நோக்கிச் சரிவாக. அதற்கு மேல் தட்டோடு.

"நாங்க வரிசையா உக்காந்து கட்டையால அடிப்போம் தம்பி" என்றார் கொத்தனார் என் பக்கம் திரும்பி. "கடுக்காயும் வெல்லமும் ஊறப் போட்ட தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு அடிக்கணும். பொம்பளையாளுக பாட்டுக் கட்டுவாக. கட்டை எகிறி வர்ற அளவுக்கு இறுகுற வரைக்கும் விடமாட்டோம். இப்ப அதுக்கு ஆளும் இல்லை, கேக்குற ஆளும் இல்லை."

சுண்ணாம்பு சிமென்ட் அளவுக்கு முறுக்கிக்கொள்கிற ஜாதி இல்லை. கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெயில் தளத்தை நேரடியாகச் சுடாமல் குடை பிடிக்கும். சரிவையும் அதுவே தந்துவிடும். ஆக மூன்று வேலை, ஒரே சம்பளம்! இன்றைக்குச் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். வெளியே தெரியாத இடமல்லவா? முன் வாசல் கிரானைட்டைக் குறைக்க யாருக்கு மனசு வரும்?

டப்பா மருந்தை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம். சிமென்டோடு கலந்து பூசுகிற பாலிமர் பூச்சு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, சூடு காட்டி ஒட்டுகிற தார் விரிப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும். ஆனால் சரிவில்லாத தளத்தில், தூசி தட்டாமல், விரிசலை அடைக்காமல் மேலோடு மேலாக அடித்தால் இரண்டு கோடையில் அப்பளம் மாதிரி உரியும். புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி போட்ட கதைதான்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க கொத்தனார் வைத்த பரீட்சைக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. களிமண்ணால் வரப்பு கட்டி மாடியை மூன்று பாத்தியாகப் பிரித்தார். முதல் நாள் ஒரு பாத்தியில் மட்டும் இரண்டு அங்குலம் தண்ணீர். கீழே ஆப்பிரிக்கா அசையவில்லை. மறுநாள் இரண்டாவது பாத்தி. ஒன்றுமில்லை. மூன்றாவது, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டிய பாத்தி. சாயங்காலம் ஊற்றியது, விடியற்காலை மின்விசிறிக் கொக்கியில் ஒரு சொட்டு.

நுழைந்த இடத்துக்கும் சொட்டிய இடத்துக்கும் பத்தடி தூரம்! சுவரோரம் இறங்கிய தண்ணீர், தளத்துக்குள் புதைத்திருக்கும் கரண்ட் குழாயைப் பிடித்துக்கொண்டு சொகுசாகப் பயணம் செய்து ஹாலுக்கு வந்திருக்கிறது. கறைக்கு நேர் மேலே டப்பா டப்பாவாக அடித்திருந்தால் ஆப்பிரிக்கா சிரித்திருக்கும். கரண்ட் குழாயில் தண்ணீர் வந்தால் கறை மட்டும் பிரச்னை இல்லை, உயிரும்தான். அந்த மின்விசிறிக்கும் அந்தப் பக்கத்து விளக்குக்கும் போகிற மின்சாரத்தை அன்றைக்கே துண்டித்தோம். அதற்கு அடியில்தான் அந்த அம்மா போன வருஷம் கட்டில் போட்டிருந்தார்.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எப்பேர்ப்பட்ட கள்ளச்சாவிக்கும் மசியாத பூட்டுக்குப் பேர் போன ஊர். ஆனால் தண்ணீருக்குப் பூட்டுப் போட இன்னும் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. "அதை மறிக்காதீக. போக வழி விட்டுருங்க. அது பாட்டுக்குப் போயிரும்" என்கிறார் கொத்தனார்.

அவர் சொன்னதைத்தான் பெரிய பெரிய அணைகளிலும் செய்கிறார்கள். மதுரைச் சீமைக்குத் தண்ணீர் தருகிற பெரியாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1887-ல் ஆரம்பித்து 1895-ல் பென்னிகுக் முடித்தது. உள்ளே இருப்பது சிமென்ட் இல்லை, சுண்ணாம்பும் செங்கல் பொடியும்தான். கசிவு கண்டபோது 1930-களில் துளை போட்டுச் சிமென்ட் பாலைச் செலுத்தினார்கள். 1979-க்குப் பிறகு நடந்த பலப்படுத்தும் வேலையில் அணையின் பின்பக்கம் கான்கிரீட் தாங்கு கொடுத்தபோது, கசியும் தண்ணீர் வடிந்து வெளியே போக உள்ளே சுரங்க நடையும் வைத்தார்கள். இன்றைக்கும் அதிகாரிகள் போனால் அங்கே கசிவு எத்தனை லிட்டர் என்று அளக்கிறார்கள். ஒரு சொட்டுக்கூட வராது என்று யாரும் மார் தட்டுவதில்லை. வருவது எவ்வளவு, அது எந்த வழியில் போகிறது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

நண்பர் வீட்டுச் சங்கதி ஆப்பிரிக்காவோடு முடிகிறது. எல்லாருக்கும் அப்படி இல்லை. சாயங்காலம் பக்கத்துக் கிராமத்துப் பக்கம் நடந்தபோது பழைய தொகுப்பு வீடுகளைப் பார்த்தேன். பல வருஷங்களுக்கு முன் அரசாங்கம் கட்டிக் கொடுத்தவை. ஒரு வீட்டில் கூரைக் காரை பெயர்ந்து கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. தளத்துக்குள் இறங்குகிற ஈரம் கம்பியைத் தொட்டால் துரு. துருப்பிடித்த இரும்பு தன் பழைய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். உப்பினால் கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிக் கீழே போடும். கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் மழை ராத்திரிகளில் திண்ணையில்தான் படுப்பார்களாம்.

கிராமத்துக் குடிசைகளுக்காக 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். நல்ல காரியம். அந்த முந்நூறு சதுர அடியும் பதினாலு நாள் ஈரமாக இருக்குமா என்பதில்தான் அந்த வீட்டின் ஆயுள் இருக்கிறது. சிமென்ட், கம்பிக்கெல்லாம் பட்டியலில் கணக்கு எழுதுகிறோம். தளத்தில் நிறுத்துகிற லாரித் தண்ணீருக்கும் ஒரு வரி எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

நண்பரிடம் இருந்த பணத்துக்கு முழு மாடியும் ஆகாது. கொத்தனார் வரிசை போட்டுக் கொடுத்தார். முதலில் கைப்பிடிச் சுவர் மூலையைக் கொத்திச் சுத்தம் செய்து, புதுக் கலவை வைத்து, கோணம் தெரியாமல் வளைவாகப் பூச வேண்டும். தொட்டியைத் தூக்கித் தனிக் கட்டை மேல் வைக்க வேண்டும். ஒரே ஒரு வடிகுழாய் இருக்கிறது, எதிர் மூலையில் இன்னொன்று. ஹாலுக்கு மேலே உள்ள பாதிக்கு மட்டும் இந்த வருஷம் சரிவும் தட்டோடும். மீதிப் பாதி அடுத்த போனஸில். பூச்சு மருந்தெல்லாம் அதற்கும் அப்புறம்.

"எல்லாம் ஐப்பசிக்கு முன்னாடி முடிஞ்சிரணும் மாப்ளே. பூசுனதுக்கு ஒழுங்கா தண்ணி காட்டணும். லாரித் தண்ணிக்கு யோசிச்சீன்னா என்னைக் கூப்பிடாதே!"

நண்பரின் அப்பா இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, "ரெண்டு லாரி வேணும்பா" என்றார். வீடு கட்டி முடித்த பிறகு அவர் வாய் திறந்து கேட்ட முதல் காசு அதுதானாம்.

வெளியூரில் வேலை பார்த்து, சொந்த ஊரில் வீடு கட்டி வைத்திருக்கும் இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஊருக்குப் போனால் மொட்டை மாடிக்கு ஏறி ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். அது குழாயைத் தேடிப் போகிறதா, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறதா என்று பாருங்கள். பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு போன் போதும். அம்மாவிடம் 'மழை பெஞ்சுச்சா' என்று கேட்காதீர்கள். 'எங்கே பெஞ்சுச்சு' என்று கேளுங்கள்!